படிக்கப்போவது யார்? ஓமலூரில் ஒரு மாணவர் இதழுக்கான வாசகர் ஆய்வு

பள்ளி ஆண்டு மலர் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். முதல் பக்கங்களில் தாளாளரும் செயலாளரும் முதல்வரும் வாழ்த்துரையோடு இருப்பார்கள். அடுத்து ஆண்டறிக்கை, வகுப்புவாரிக் குழுப் படங்கள், விளையாட்டுப் போட்டியில் வாங்கிய கோப்பைகள். இத்தனையும் தாண்டினால் மாணவர் பகுதி வரும்: அம்மாவைப் பற்றி ஒரு கவிதை, அப்துல் கலாம் பற்றி ஒரு கட்டுரை, இணையத்திலிருந்து எடுத்துப்போட்ட ‘உங்களுக்குத் தெரியுமா?’, நான்கு விடுகதை. மலர் அச்சாகி வருவதற்குள் மார்ச் கடைசி ஆகிவிடும். பன்னிரண்டாம் வகுப்பு பொதுத்தேர்வு எழுதிவிட்டுப் போயிருக்கும். மற்ற வகுப்புகள் ஆண்டுத் தேர்வு அவசரத்தில் இருக்கும். வாங்கிப்போகிற பிள்ளை தன் படம் இருக்கும் பக்கத்தை வீட்டில் காட்டும். அப்புறம் மலர் பீரோ மேல் ஏறிவிடும்.

ஆண்டு மலரைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அது பள்ளியின் ஆவணம். ஆவணமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். மாணவர்களே நடத்தும் இதழ் ஒன்றைத் தொடங்கும்போதும் அதே வார்ப்பை எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல். முதல் கூட்டத்தில் பெயர் வைக்கிறார்கள், ஆசிரியர் குழு போடுகிறார்கள், யார் கவிதை எழுதுவது, யார் அட்டை வரைவது என்று பிரித்துக்கொள்கிறார்கள். யாருடைய படைப்பாவது விட்டுப்போய்விடுமோ என்ற கவலை கடைசிவரை இருக்கிறது. யார் படிப்பார்கள் என்று ஒருவர் கேட்டால் ‘மாணவர்கள்தான்’ என்று பதில் வருகிறது, கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. என் வாதம் அந்த இடத்தில் தொடங்குகிறது. மாணவர் இதழுக்கு முதலில் வேண்டியது பெயரோ படைப்போ கிடையாது. தெரு, வகுப்பு, வீடு சொல்லி அடையாளம் காட்டக்கூடிய ஒரு வாசகர் வேண்டும். அந்த வாசகரைத் தேடும் வேலையையும் மாணவர்களே செய்ய வேண்டும்.

பழைய கையெழுத்துப் பத்திரிகைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்தபோது மு. கருணாநிதி ‘மாணவ நேசன்’ என்ற கையெழுத்து ஏட்டை நடத்தினார். 1942 ஆகஸ்ட் 10இல் துண்டு வெளியீடாகத் தொடங்கிய ‘முரசொலி’க்கு அவர் வந்துசேர்ந்தது அந்த வழியில்தான். அரசியலை ஒதுக்கிவிட்டு வடிவத்தை மட்டும் பார்ப்போம். ஒவ்வொரு பிரதியையும் கையால் எழுத வேண்டும். இன்னொரு பிரதி வேண்டுமென்றால் இன்னொரு இரவுத் தூக்கம் போகும். அப்படிப்பட்ட நிலையில் எந்தப் பிரதி யார் கைக்குப் போகிறது, அவர் படித்துவிட்டு யாரிடம் கொடுப்பார் என்பதெல்லாம் நடத்துபவருக்கு அத்துபடியாக இருக்கும். பிறகு ஜெராக்ஸ் வந்தது, ஆஃப்செட் வந்தது, பிடிஎஃப் வந்தது. பிரதி மலிவாக ஆக, யாருக்கு என்ற கேள்வி மங்கிப்போனது. வாட்ஸ்அப் குழுவில் போட்ட பிடிஎஃபை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. கட்டைவிரல் மட்டும் வரிசையாக வந்து விழும்.

பெரியவர்கள் பிள்ளைகளுக்காக நடத்திய இதழ்களுக்கு வேறு நிலைமை. 1947இல் வந்த அம்புலிமாமா, 1972இல் தொடங்கிய கோகுலம், தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்திவரும் துளிர் என்று எதை எடுத்தாலும், வாசகர் மாநிலமெங்கும் சிதறிக் கிடந்தார்கள். ஆசிரியருக்கு அவர்களோடு இருந்த தொடர்பு பெரும்பாலும் வாசகர் கடிதம். கடிதம் எழுதுகிற பிள்ளை ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற, எழுத வருகிற பிள்ளை. பாதியில் மூடிவைத்த பிள்ளை கடிதம் எழுதாது. மாணவர் இதழுக்கு இந்தத் தடை இல்லை. மூடிவைத்த பிள்ளை அடுத்த வகுப்பிலோ அடுத்த தெருவிலோ இருக்கிறது, போய்க் கேட்கலாம். இந்தச் சாதகத்தை வைத்துக்கொண்டு பயன்படுத்தாமல் விடுவதுதான் வருத்தம்.

அதை முழுக்கப் பயன்படுத்தியவர் பிரெஞ்சுக்காரரான செலஸ்தீன் ஃப்ரெனே (1896–1966). முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டுக் காயம் பட்டவர். நெடுநேரம் உரக்கப் பேசிப் பாடம் நடத்த அவரால் முடியாது. 1920இல் தெற்கு பிரான்சில் பார்-சுர்-லூப் என்ற மலைக்கிராமப் பள்ளிக்கு ஆசிரியராக வந்தார். 1924இல் ஒரு சின்னக் கை அச்சு இயந்திரத்தை வாங்கி வகுப்பில் வைத்தார். பிள்ளைகள் தங்கள் நாளில் நடந்ததை எழுதுவார்கள். எது அச்சுக்குப் போக வேண்டும் என்று வகுப்பே கூடி முடிவுசெய்யும். பிள்ளைகளே எழுத்துக் கோத்து அச்சடிப்பார்கள். இதுவரை நமக்கும் பழக்கமான கதைதான். ஃப்ரெனே அதற்கு மேல் ஒன்று செய்தார். நாட்டின் இன்னொரு மூலையில், பிரிட்டனி கடற்கரைப் பள்ளியில் ஆசிரியராக இருந்த ரெனே தனியேலோடு பேசிவைத்துக்கொண்டு, இரு வகுப்புகளும் அச்சடித்த தாள்களைத் தபாலில் மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்தார். எழுதுகிற பிள்ளைக்குத் தன் வாசகரின் பெயர் தெரிந்தது. அவர் எப்போது படிப்பார் என்பதும் தெரிந்தது. பதில் வரும் என்பதும் தெரிந்தது.

இதில் நம் ஊருக்கு நெருக்கமான ஒரு விவரம் இருக்கிறது. பார்-சுர்-லூப், வாசனைத் திரவியத்துக்குப் பேர்போன கிராஸ் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ளது. கசப்பு ஆரஞ்சுப் பூவை அந்தத் தொழிலுக்குப் பறித்துக் கொடுத்த ஊர். வகுப்புக்குள்ளேயே படித்து முடிவதென்றால் ‘காலையில் பூப்பறிக்கப் போனோம்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். படிக்கப்போவது கடற்கரைப் பிள்ளை என்றால் அது போதாது. எத்தனை மணிக்குப் போவது, எதில் கொட்டுவது, எடைபோடுவது யார், பூ வாடிவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் சொல்லியாக வேண்டும். ஓமலூர், காடையாம்பட்டிப் பக்கத்துக் குண்டுமல்லித் தோட்டங்களிலும் இதே கதைதான். மொட்டு விரியுமுன் பறித்தாக வேண்டும் என்பதால் விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். பறித்த பூ சந்தைக்குப் போன பிறகுதான் வீட்டில் அடுப்பு எரியும். அந்த வீட்டுப் பிள்ளைக்கு இது எழுதத்தக்க விஷயமாகவே தோன்றாது. ஓமலூரில் பிரிந்து மேட்டூர் அணைக்குப் போகும் ரயில் பாதை இருக்கிறதே, அதன் மறுகோடியில் நீர்த்தேக்கத்தில் மீன்பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளை ஒன்றுக்காக எழுதச் சொன்னால் பக்கம் நிரம்பிவிடும். வாசகரை முடிவுசெய்வது விற்பனைக்கான வேலை என்று நினைக்கிறோம். எழுத்தின் அளவையும் விவரத்தையும் தீர்மானிப்பதே அதுதான்.

இனி ஓமலூரில் அப்படி ஒரு வாசகரைத் தேடுவோம்.

சேலத்திலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில், சரபங்கா ஆற்றங்கரையில் இருக்கிறது ஓமலூர். இங்கிருந்து மேட்டூருக்கு ஒரு சாலை, தாரமங்கலம் வழியாகச் சங்ககிரிக்கு ஒரு சாலை. சுற்றுக் கிராமப் பிள்ளைகள் இலவசப் பயண அட்டையில் டவுன் பஸ் ஏறி இங்குள்ள மேல்நிலைப் பள்ளிகளுக்கு வருகிறார்கள். தாரமங்கலம் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளையின் வீட்டில் தறி இருக்கலாம். காடையாம்பட்டி, தீவட்டிப்பட்டி பக்கத்துப் பிள்ளையின் வீட்டில் கரும்பாலையோ பூந்தோட்டமோ இருக்கலாம். வெல்லம் காய்ச்சும் வீடு பொங்கலுக்கு முன்பு சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியின் விலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழில் படிக்கும் பிள்ளைகளும் உண்டு. இவர்களையெல்லாம் ‘மாணவர்கள்’ என்று ஒரே பெட்டியில் போட்டுவிட்டு இதழ் நடத்தினால், கடைசியில் யாருக்கும் உரியதாக இல்லாத பொதுவான தமிழில், பொதுவான விஷயங்களை எழுதவேண்டி வரும். ஆண்டு மலரின் தமிழ் அப்படித்தான் பிறக்கிறது.

வாசகரைப் பிரித்துப் பார்க்கும் முயற்சியை அரசு ஒருமுறை செய்திருக்கிறது. 2022இல் பள்ளிக்கல்வித் துறை 4, 5ஆம் வகுப்புகளுக்கு ‘ஊஞ்சல்’, 6 முதல் 9ஆம் வகுப்பு வரை ‘தேன்சிட்டு’, ஆசிரியர்களுக்குக் ‘கனவு ஆசிரியர்’ என்று தனித்தனி இதழ்களைக் கொண்டுவந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கும் ஒரே இதழ் ஆகாது என்று ஒப்புக்கொண்டதே நல்ல காரியம். ஆனால் அந்த ஏணி ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பத்தாம் வகுப்பில் காலடி வைத்ததும் பிள்ளையின் கைக்கு வருவது வழிகாட்டி நூலும் வினா வங்கியும்தான். இதழ் தொடங்க நினைக்கும் மாணவர்களுக்கு இடைவெளி அங்கே இருக்கிறது.

பத்தாம் வகுப்புப் பிள்ளை என்று வைத்துக்கொண்டால் உடனே விஷயமும் தெளிவாகிறது. பத்து மாதத்தில் அந்தப் பிள்ளை வாழ்க்கையின் முதல் பெரிய முடிவை எடுக்க வேண்டும். மேல்நிலையில் எந்த குரூப்? கணக்கு எடுக்கலாமா, வணிகவியலா? பாலிடெக்னிக், ஐடிஐ போனால் என்ன? இந்த முடிவைச் சென்ற ஆண்டு எடுத்தவர்கள் யார்? பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள். அவர்களுக்கு இப்போது கொஞ்சம் மூச்சுவிட நேரமும் கிடைத்திருக்கிறது: 2017–18இல் வந்த பதினொன்றாம் வகுப்பு பொதுத்தேர்வு, 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி 2025–26 முதல் நீக்கப்பட்டுவிட்டது. ஆக, நடத்துபவர்கள் பதினொன்றாம் வகுப்பு, படிப்பவர்கள் பத்தாம் வகுப்பு. ஒரு வயது இடைவெளி. மறந்துபோகாத அளவுக்குப் பக்கம், விளக்கிச் சொல்லவேண்டிய அளவுக்குத் தூரம்.

ஆனால் குரூப் எடுப்பது பிள்ளை மட்டும் செய்கிற காரியமா? அப்பா, அம்மா, வேலைக்குப் போகிற அக்கா, ‘கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வாய்ப்புள்ள படிப்பு’ என்று சொல்லும் மாமா என்று ஒரு வீடே கூடி எடுக்கும் முடிவு அது. எனவே இதழ் வீட்டுக்குள் போக வேண்டும். பிள்ளை அதைத் தூக்கிச் செல்பவர், தேவைப்படும் இடத்தில் வாசித்துக் காட்டுபவர். படிக்காத அம்மாவுக்கு ஒரு பத்தியை வாசித்துச் சொல்ல முடியவில்லையென்றால் அந்தப் பத்தி தோற்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இதிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. விசைத்தறி ஓடுகிற வீட்டில் பகலில் வாசித்துக் காட்டுவது நடக்காது. சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அங்கே கண்ணால் பார்த்ததும் புரிகிற அட்டவணையும் படமும் வேண்டும். பூப்பறிக்கும் வீட்டில் விடியற்காலை போய்விடும், மதியம் கொஞ்சம் ஓய்வு இருக்கும். குண்டுமல்லி வரத்து அதிகமாகும் கோடைக்காலமும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன என்பதை நகரத்துப் பதிப்பாளர் யோசித்திருக்கமாட்டார். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது சொந்த அனுபவமாக இருக்கும்.

இதெல்லாம் ஊகம்தானே என்று கேட்கலாம். ஊகம்தான், அதைச் சரிபார்க்கத்தான் ஆய்வு. இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். ஆய்வு என்றதும் ஒரு படிவம் தயாராகிவிடுகிறது: ‘உங்களுக்குப் பிடித்த பகுதி எது? கதை, கவிதை, அறிவியல், விளையாட்டு.’ தமிழாசிரியர் கையில் அந்தப் படிவம் இருந்தால் பாதி வகுப்பு ‘அறிவியல்’ என்று குறிக்கும். பிடித்த புத்தகம் என்று கேட்டால் ‘அக்னிச் சிறகுகள்’, ‘திருக்குறள்’. பிள்ளைகள் பொய் சொல்வதில்லை. கேட்பவர் எதை எதிர்பார்க்கிறார் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும், அதைக் கொடுத்துவிடுகிறார்கள். அதே கேள்வியை ஒரு வகுப்பு மூத்த அக்கா, மதிய உணவு இடைவேளையில், தாள் பேனா இல்லாமல் கேட்டால் வேறு பதில் வரும்.

பத்திரிகைத் தொழிலில் இதற்கு ஒரு பழைய உபாயம் உண்டு. ஐஆர்எஸ் என்று சொல்லப்படும் இந்திய வாசகர் கணக்கெடுப்பில் ‘எந்தப் பத்திரிகை பிடிக்கும்’ என்பதைவிட, பத்திரிகையின் தலைப்பெழுத்தைக் காட்டி ‘கடைசியாக இதை எப்போது படித்தீர்கள்’ என்று கேட்பதுதான் முக்கியம். விருப்பத்தைச் சொல்லும்போது ஜோடனை கலக்கும். நேற்றுச் செய்ததைச் சொல்லும்போது கலப்பது குறைவு. (அந்தக் கணக்கெடுப்பு 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை. சிறுவர் பகுதி நடத்தும் நாளிதழ்கள் எதை நம்பி நடத்துகின்றன என்பது எனக்குப் பல நாளாக உள்ள சந்தேகம்.) நம் மாணவர்கள் இதையே ஓமலூர்ப் பாணியில் செய்யலாம். ஒரு மேசையில் காகிதங்களைப் பரப்பிவைக்க வேண்டும்: தினத்தந்தி, சிறுவர் மலர், வினா வங்கி, ராசிபலன் பக்கம், கோயில் திருவிழா நோட்டீஸ், ஜவுளிக்கடை விளம்பரத் தாள், சினிமா போஸ்டர், பத்திரப்பதிவு நகல்கூட. நேற்று இவற்றில் எது உன் கைக்கு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, உனக்குப் பிறகு யார் எடுத்தார்கள்? செல்போனையும் ஒரு காகிதமாகவே மேசையில் வைத்துவிடலாம். நேற்றுக் கடைசியாகப் படித்த நாலு வரி என்ன என்று கேட்டால், ரீல்ஸின் அடியில் இருந்த வரியைத்தான் பல பேர் சொல்வார்கள் என்று எதிர்பார்க்கிறேன். அப்படியென்றால் நாலு வரியில் ஒரு செய்தியை முடிக்கக் கற்றுக்கொள்ளும் வேலை ஆசிரியர் குழுவுக்கு வந்து சேரும்.

கேட்பதைவிடப் பார்ப்பது இன்னும் நல்லது. 1969 நவம்பர் 10இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற குழந்தைகள் நிகழ்ச்சி தொடங்குமுன், அதன் ஆய்வாளர் எட்வர்டு பால்மர் ஒரு சோதனை வைத்தார். குழந்தையின் எதிரே தொலைக்காட்சியில் நிகழ்ச்சி ஓடும். பக்கத்தில் இன்னொரு திரையில் ஏழரை வினாடிக்கு ஒரு படம் மாறிக்கொண்டே இருக்கும். குழந்தையின் கண் எந்த நொடியில் நிகழ்ச்சியை விட்டுப் பக்கத்துத் திரைக்குப் போகிறது என்று குறித்துக்கொண்டே வருவார்கள். கண் விலகிய இடத்தை வெட்டுவார்கள் அல்லது மாற்றி எடுப்பார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்துத் திரை தயாராகவே கையில் இருக்கிறது. எட்டுப் பக்கத்தில் ஒரு மாதிரி இதழை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, மாலையில் ஓமலூர் பேருந்து நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுச் சும்மா பக்கத்தில் நிற்க வேண்டும். முன்பக்கமிருந்து புரட்டுகிறதா, பின்பக்கமிருந்தா? எந்தப் பக்கத்தில் விரல் நிற்கிறது? எப்போது தலை நிமிர்ந்து வண்டியைத் தேடுகிறது? எப்போது போன் வெளியே வருகிறது? பக்கத்தில் நிற்கும் தோழியிடம் ‘இதப் பாரேன்’ என்று காட்டியது எதை? இவற்றைக் குறித்துக்கொள்ள ஒரு கணக்கு நோட்டு போதும்.

மூன்றாவதாக, வாசிக்கச் சொல்லிக் கேட்பது. ‘ஏசர்’ அமைப்பு 2005 முதல் நாடு முழுக்கக் கிராமத்துப் பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் கருவி மிக எளிமையானது: எழுத்து, சொல், முதல் வகுப்பு அளவுள்ள ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவுள்ள ஒரு கதை. வீட்டுக்குப் போய், பிள்ளையை உட்காரவைத்து, வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அதன் முடிவுகளைப் பற்றி ஒவ்வொரு முறையும் சண்டை நடக்கும். அது வேறு கதை. கருவியை நாம் எடுத்துக்கொள்ளலாம், ஒரு மாற்றத்தோடு. அவர்கள் அளந்தது பிள்ளையை. நாம் அளக்கவேண்டியது நம் பத்தியை. எடுத்துக்காட்டாக, குரூப் தேர்வு பற்றி ஒரு பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை முதல் வரைவில் இப்படித்தான் எழுதும்: ‘மாணவர்கள் தங்கள் எதிர்காலத்தைத் திட்டமிடுவதில் பாடப்பிரிவுத் தேர்வு மிகவும் முக்கியப் பங்கு வகிக்கிறது.’ இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னால் தடங்கலில்லாமல் வாசித்துவிடும். ஆனால் என்ன புரிந்தது என்று கேட்டால் முழிக்கும், ஏனென்றால் அதில் புரிந்துகொள்ள ஒன்றுமே இல்லை. ‘கணக்கில் ஐம்பது வாங்கினேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் கேட்டேன். கிடைத்ததா?’ என்று ஆரம்பித்துப் பாருங்கள். அடுத்த வரியை அந்தப் பிள்ளை தானாகவே வாசிக்கும். எந்தச் சொல்லில் நாக்கு தடுக்கியது, எந்த வாக்கியத்தை இரண்டுமுறை ஆரம்பித்தது என்று அடிக்கோடிட்டு வந்தால் ஆசிரியர் குழுவுக்கு அதைவிட நல்ல திருத்தம் வேறு கிடைக்காது.

நன்றாக எழுத வராத பிள்ளைகளை என்ன செய்வது? பெரும்பாலான மாணவர் இதழ்களில் அவர்கள் வாசகர் என்ற பெயரில் வெளியே நிறுத்தப்படுகிறார்கள். தெருவில் வாழும் பிள்ளைகளே நடத்தும் ‘பாலக்நாமா’ என்ற இந்திப் பத்திரிகை டெல்லியில் 2003 முதல் வருகிறது. அதில் எழுதப் படிக்கத் தெரியாத செய்தியாளர்களும் உண்டு. தங்கள் பகுதியில் நடந்ததை அவர்கள் வாயால் சொல்ல, எழுதத் தெரிந்த இன்னொரு பிள்ளை எழுதிக்கொள்ளும். அந்தச் செய்தியாளர்களுக்கு ‘பாத்தூனி’, அதாவது வாயாடி, என்றே பெயர். வாசகர் ஆய்வுக்கும் இவர்கள்தான் சரியான ஆட்கள் என்பது என் கணிப்பு. முதல் பெஞ்சுப் பிள்ளையை விடக் கடைசி பெஞ்சு வாயாடிக்கு எந்த வீட்டில் என்ன நடக்கிறது, எந்த அண்ணன் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டான், எந்த அக்கா கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தாள் என்று தெரியும். 1966இல் தொடங்கிய அந்தக் கல்லூரியையும், 1997இல் வந்த பெரியார் பல்கலைக்கழகத்தையும் சேலம் போகும் பிள்ளைகள் பஸ் ஜன்னல் வழியாகத் தினமும் தாண்டிப் போகிறார்கள். உள்ளே என்னென்ன படிப்பு, பணம் எவ்வளவு கட்டவேண்டும், நம்மைப் போன்ற வீட்டிலிருந்து யார் போயிருக்கிறார்கள் என்பதை ஒரு வாயாடி விசாரித்துக்கொண்டு வந்தால் இரண்டு பக்கம் நிரம்பும். அந்த இரண்டு பக்கம் வீட்டில் எல்லார் கைக்கும் போகும்.

இன்னொரு வாசகரைப் பற்றிப் பேசியாக வேண்டும்: நாம் திட்டமிடாத வாசகர். ஓமலூரில் தொடங்கும் மாநில நெடுஞ்சாலை சங்ககிரி தாண்டித் திருச்செங்கோட்டுக்குப் போகிறது. அந்த ஊரைக் களமாக வைத்துப் பெருமாள்முருகன் எழுதிய ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்தது. நாவல் வாசகர்கள் நான்கு ஆண்டுகள் அதை நாவலாகப் படித்தார்கள். 2014 கடைசியில், சில பக்கங்கள் மட்டும் ஜெராக்ஸ் எடுக்கப்பட்டு, நாவலே படிக்காதவர்கள் கைக்குப் போயின, எதிர்ப்பு மூண்டது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை. எழுத்தாளர் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே விடுத்த அறிவிப்பு. 2016 ஜூலை 5இல் அவருக்குச் சாதகமாக வந்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு. எல்லாரும் அறிந்த வரலாறு. வாசகர் ஆய்வு செய்கிறவர் அதில் கவனிக்கவேண்டியது அந்த ஜெராக்ஸ் தாள்கள். ஒரு எழுத்து அதற்காகத் தயாரான வாசகரிடம் மட்டும் நிற்பதில்லை.

அதே பெருமாள்முருகன் நாமக்கல் அரசுக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, மாணவர்களையும் நண்பர்களையும் தங்கள் சாதி அனுபவத்தை எழுதவைத்துத் தொகுத்த ‘சாதியும் நானும்’ 2013இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. கவிதையும் வாழ்த்துரையுமாக நின்றுவிடும் மாணவர் எழுத்து எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இந்தச் சமவெளியில் இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது புத்தகம், எழுதியவர்கள் வளர்ந்தவர்கள். பதினாறு வயதுப் பிள்ளை தன் தெருவைப் பற்றி எழுதினால், அடுத்த நாள் அதே தெருவில்தான் நடந்துபோக வேண்டும். ஆகவே ஒவ்வொரு பக்கமும் அச்சுக்குப் போகுமுன், இந்தத் தாள் மட்டும் தனியாகக் கிழிந்து யார் கைக்குப் போகக்கூடும் என்று ஒருமுறை யோசித்துவிடுவது நல்லது. எழுதாதே என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பெயரை மாற்றுவதா, ஊர்ப் பெயரை விடுவதா, பெற்றோரிடம் முன்பே காட்டிவிடுவதா என்று எழுதிய பிள்ளையே முடிவெடுக்க ஒரு வாய்ப்பு வேண்டும். தலைமையாசிரியர் கடைசி நிமிடத்தில் பக்கத்தை உருவுவதைவிட இது மேல்.

ஆய்வுக்காகப் பிள்ளைகளிடம் திரட்டும் விவரத்துக்கும் இதே எச்சரிக்கை உண்டு. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தையாகவே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. கூகுள் ஃபார்மில் பெயர், வகுப்பு, போன் எண், அப்பா தொழில் எல்லாம் கேட்டுச் சேர்ப்பது இப்போது விளையாட்டுக் காரியம் கிடையாது. பெயரில்லாத காகிதத்தில் குறிப்பெடுத்தாலே போதும். மாணவர் விவரங்களைச் சேர்த்துவைக்கும் அரசின் எமிஸ் தளத்தில் பிள்ளையின் ரத்த வகை முதல் தாய்மொழி வரை ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. நமக்கு வேண்டியது அதில் இல்லாதது: அந்தப் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கிறது, யாருக்கு வாசித்துக் காட்டுகிறது.

இவ்வளவும் தெரிந்தபின் திட்டமிடல் பாதி தானாகவே நடந்துவிடும். மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜூன், ஜூலையில் ஆய்வு. காலாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறைக்குக் கிளம்பும் நாளில் முதல் இதழ் கையில் இருக்க வேண்டும். படிக்க நேரம் இருப்பது விடுமுறையில்தான். இரண்டாவது இதழ் பொங்கலுக்கு முன்பு. குரூப் பற்றிய இதழ் தேர்வு முடிந்து முடிவு வருவதற்குள், அதாவது வீட்டில் பேச்சு தொடங்கும் சமயத்தில். பதினாறு பக்கம் போதும். நடுவில் பின் அடித்தால் பைண்டிங் செலவு இல்லை. எழுத்து பாடப்புத்தக அளவுக்குக் குறையாமல் இருக்கட்டும். விலை வைக்கலாமா என்று கேட்டால், வைக்கலாம் என்பேன். ஐந்து ரூபாய் கொடுத்து வாங்கியதைப் பிள்ளை பஸ்ஸில் விட்டுவிட்டுப் போகாது. இலவசமாக எத்தனை கொடுத்தோம் என்ற கணக்கு எதையும் சொல்லாது.

அச்சடிக்கும் எண்ணிக்கையில் கறாராக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை, மேலே ஒரு கை அளவு ஊர்க் கிளை நூலகத்துக்கும் மேட்டூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கும். ஒவ்வொரு பிரதியின் பின்னட்டையிலும் நூலகப் புத்தகத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டு மாதிரி நாலு கட்டம் போட்டுவிடலாம்: படித்தவர் அப்பாவா, அம்மாவா, அக்காவா, பக்கத்து வீடா, எந்தப் பக்கம், யாராவது வாசித்துக் காட்டினார்களா. பெயர் வேண்டாம், கையெழுத்து வேண்டாம், ஒரு டிக் போதும். விடுமுறை முடிந்து வரும்போது பிரதிகளைக் கொண்டுவரச் சொல்லி, கட்டங்களைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். சிலர் கொண்டுவரமாட்டார்கள், சில பிரதிகளில் கட்டம் காலியாக இருக்கும். ஆசிரியர் குழு முதலில் போய்ப் பேசவேண்டியது அந்தக் காலிக் கட்டத்துப் பிள்ளைகளிடம். நான்கு டிக் வாங்கிய பிரதிகளைப் பற்றிப் பேச அடுத்த வாரம் இருக்கிறது.